பலகார அடுப்பு, பழைய காசநோய், சூடோமோனாஸ் கிருமி: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் நோயாளி தனியொரு ஆள் அல்ல. விறகுப் புகையில் பல ஆண்டு வேலை செய்து, இடையில் காசநோயும் வந்துபோன பெண்களிடம் வழக்கமாகக் காணும் கூறுகளைக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு. மருந்தளவுகளும் பரிசோதனை முறைகளும் நடைமுறையில் உள்ளவை. அவற்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதை நோயாளியைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வந்தபோது

வயது 58. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் விசேஷ வீடுகளுக்கும் கடைகளுக்கும் தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை செய்து கொடுப்பவர். 35 ஆண்டுகளாக விறகடுப்பு. எரிப்பது பெரும்பாலும் சீமைக் கருவேலம். பீடி, சிகரெட், வெற்றிலைப் புகையிலை எதுவும் இல்லை. 32 வயதில் நுரையீரல் காசநோய் வந்து, 6 மாத மருந்தை முழுதாக முடித்திருக்கிறார். 12 ஆண்டுகளாகத் தினமும் காலையில் கோழையோடு இருமல். 6 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்.

தீபாவளிப் பலகார வேலை முடிந்த ஐந்தாம் நாள், அடைமழையில் அழைத்து வந்தார்கள். நான்கு நாளாகக் காய்ச்சல், படுத்தால் மூச்சுமுட்டல், பச்சை நிறக் கோழை. "நெஞ்சுக்குள்ள சளி கொதிக்குதுங்க, காறித் துப்பினாத்தான் மூச்சே விட முடியுது" என்றார் அவர். கூட வந்த மகள் சொன்னது வேறு: "அம்மாவுக்கு உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லைங்க டாக்டர். மாசம் ஒருக்கா விழுந்துடுறாங்க." இந்த ஆய்வு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்தான்.

வெப்பம் 101.4 டிகிரி, நாடி 112, மூச்சு நிமிடத்துக்கு 28, ரத்த அழுத்தம் 110/70, வெளிக்காற்றில் ஆக்சிஜன் செறிவு 87 சதவீதம். உயரம் 152 செ.மீ., எடை 41 கிலோ, உடல் நிறை எண் 17.7. நகங்கள் முரசுக் குச்சிபோல் முனை பருத்திருந்தன. வலது நுரையீரலின் மேல், கீழ்ப் பகுதிகளில் கரகரப்பொலி. இருபுறமும் மெல்லிய இளைப்பு ஒலி. 24 மணி நேரக் கோழையை அளவிட்ட குவளையில் பிடித்ததில் 80 மி.லி.

கடந்த 12 மாதத்தில் இப்படி விழுந்தது ஐந்தாம் முறை. முந்தைய நான்கு முறையும் கிடைத்தது ஏறக்குறைய ஒரே வைத்தியம்: மருந்துக்கடையில் ஒரு செட் மாத்திரை, 3 நாள் அசித்ரோமைசின், ஒரு வாரம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து, மூச்சு ரொம்பவும் முட்டினால் டெரிஃபிலின் ஊசி. இரண்டு ஆண்டாக ஃப்ளூடிகசோன் (ஸ்டீராய்டு) 500 மைக்ரோகிராம், சால்மெடெரால் 50 மைக்ரோகிராம் கலந்த கேப்சூல் இன்ஹேலர், காலை மாலை. ஒரு தடவைகூடக் கோழை வளர்ப்புச் சோதனைக்குப் போனதில்லை.

பரிசோதனைகள்

வெள்ளணு 15,800, அதில் கிருமியைத் தாக்கும் வகையான நியூட்ரோபில் 84 சதவீதம். ஈயோசினோபில் 95. அழற்சியைக் காட்டும் சிஆர்பி லிட்டருக்கு 96 மி.கி. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.6. கிரியாட்டினின் 0.8. தமனி ரத்தத்தில் அமிலத்தன்மை 7.36, கரியமில வாயு அழுத்தம் 49, ஆக்சிஜன் 54. எச்ஐவி இல்லை.

சிடி ஸ்கேனில் வலது மேல் மடலில் பழைய காசநோயின் தழும்பும் அதனால் இழுபட்டு விரிந்த குழாய்களும் தெரிந்தன. வலது கீழ் மடலில் திராட்சைக் கொத்துபோல் விரிந்த குழாய்கள், உள்ளே கோழை மட்டம். நடு மடலுக்குப் போகும் குழாய் சுருங்கியிருந்தது. விறகுப் புகையில் காலம் கழித்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் கரி படிந்து, தழும்பாகி, குழாய் ஒடுங்கும். இதைப் புற்றுநோய் என்று தவறாக நினைப்பதும், மறுபடியும் காசநோய் என்று மருந்து தொடங்கிவிடுவதும் நடக்கின்றன. மூச்சுக்குழாய்கள் இப்படி நிரந்தரமாக விரிந்துபோவதுதான் குழாய் விரிவு நோய் (ப்ராங்கியெக்டேசிஸ்); இந்தியாவில் அதற்குப் பழைய காசநோயே முதல் காரணம். 2019இல் வெளியான இந்தியப் பதிவேட்டில் இருந்த 2,195 பேரில் 35.5 சதவீதத்தினருக்கு அதுதான் காரணம்.

உடல் தேறிய பிறகு எடுத்த ஊதல் சோதனையில், மருந்து உள்ளிழுத்த பின்பும் முதல் விநாடி வெளிமூச்சுக்கும் முழு வெளிமூச்சுக்கும் உள்ள விகிதம் 0.56. முதல் விநாடி அளவு எதிர்பார்ப்பில் 46 சதவீதம். 0.70க்குக் கீழே என்றால் மூச்சுக்குழாய் அடைப்பு நிலையாகிவிட்டது என்று பொருள். ஆக, இவருக்கு ஒரே மார்பில் இரண்டு நோய்: நாள்பட்ட மூச்சடைப்பு நோய் (சிஓபிடி), குழாய் விரிவு நோய்.

கோழைச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தவறு இங்கேதான் நிகழ்கிறது. முதல் வேளை மருந்து ஏறுமுன் கோழை எடுக்க வேண்டும். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, காறியது அல்லாமல் ஆழத்திலிருந்து இருமியதை அகன்ற வாய்க் குப்பியில் பிடிக்க வேண்டும். வராவிட்டால் 3 சதவீத உப்பு நீர் 5 மி.லி. நெபுலைசரில் கொடுத்தால் வரும். 2 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். கிராமத்தில் காலை 6 மணிக்கு எடுத்ததைப் பையில் போட்டு, பஸ் மாறி மதுரைக்கு மதியம் கொண்டு சேர்த்தால், வழியெல்லாம் பெருகிய வாய்க்கிருமிதான் வளரும், நுரையீரலைத் தாக்கும் ஹீமோஃபிலஸ் கிருமி செத்திருக்கும். அந்தக் கிருமி வளரச் சூடேற்றிய ரத்தம் கலந்த சாக்லேட் அகாரும் வேண்டும். "நார்மல் ஃப்ளோரா" (வழக்கமான வாய்க்கிருமி) என்று வரும் பல அறிக்கைகளுக்குப் பின்னால் இந்தப் பயணம்தான் இருக்கிறது.

நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கப் புலம் ஒன்றில் நியூட்ரோபில் 25க்கு மேலும், வாயின் செதில் செல் 10க்குக் கீழும் இருந்தால்தான் அது நுரையீரல் கோழை. இவருடைய கோழை அதில் தேறியது. கிராம் சாயத்தில் மெல்லிய கிராம் நெகட்டிவ் குச்சிகள் அன்றே தெரிந்தன. மூன்றாம் நாள் வழவழவென்ற சூடோமோனாஸ் ஏருஜினோசா கூட்டங்கள் வளர்ந்தன. காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சிபிநாட் சோதனை நெகட்டிவ். (பழைய காசநோய் உள்ளவர்களிடம் சிபிநாட் பாசிட்டிவ் வந்தாலும் அது இறந்த கிருமியின் டிஎன்ஏவாக இருக்கலாம், அதனால் வளர்ப்புச் சோதனையும் உடன் அனுப்ப வேண்டும். இங்கே அனுப்பப்பட்டது.)

மழைக்காலம், சர்க்கரை நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் மூன்றும் சேரும்போது இன்னொரு கிருமியையும் நினைக்காமல் விடக்கூடாது: மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லெய். தமிழ்நாட்டின் வயல்வெளிகளில் இருப்பது; மெலியாய்டோசிஸ் நோயைத் தருவது. ஆய்வகத்தில் "சூடோமோனாஸ் வகை" என்றே பெயர் பெற்றுத் தப்பிவிடும். ஆக்சிடேஸ் சோதனையில் பாசிட்டிவ் வரும் குச்சிக் கிருமி ஒன்று ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காமல், அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கினால் உடனே சந்தேகப்பட வேண்டும். இவருடைய கிருமி நேர் எதிர்: கோலிஸ்டினுக்கும் அமிக்காசினுக்கும் அடங்கியது, கிளாவுலனேட் கலவைக்கு அடங்கவில்லை. அதனால் அந்த ஐயம் தீர்ந்தது.

மகளின் கேள்விக்கான சோதனை கடைசியாக: ரத்தத்தில் எதிர்ப்பொருள்களான ஐஜிஜி 1,780, ஐஜிஏ 310, ஐஜிஎம் 120 மி.கி. எதுவும் குறையவில்லை, ஐஜிஜி வழக்கத்தைவிடக் கூடுதல். மொத்த ஐஜிஇ 210, ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு எதிரான ஐஜிஇ இல்லை. எதிர்ப்புப் படை ஏராளமாகவே இருக்கிறது. அப்படியானால் கிருமி ஏன் சாகவில்லை?

எதிர்ப்பு எங்கே பிசகியது

நல்ல மூச்சுக்குழாயில் முதல் காவல் செல்கள் அல்ல, ஓட்டம். குழாயின் உட்புறத்தில் மெல்லிய சளிப் படலம். அதன் அடியில் விநாடிக்குப் பத்துத் தடவைக்குமேல் துடிக்கும் நுண்மயிர்கள். உள்ளே விழும் கிருமி ஒட்டுமுன்பே தொண்டைக்கு ஏற்றப்பட்டு விழுங்கப்படுகிறது. விறகுப் புகை இந்த ஓட்டத்தை இரண்டு பக்கமும் கெடுக்கிறது: நுண்மயிர் செல்கள் உதிர்கின்றன, சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. காசநோய் மூன்றாவது கேட்டைச் சேர்த்தது. அந்தக் காலத்தில் காசநோய்க் கிருமியோடு போராடிய செல்கள் விட்ட கொலாஜன் அறுக்கும் நொதிகளே குழாய்ச் சுவரைத் தின்றன. சுவர் தளர்ந்து விரிந்த இடம், மடை உடைந்த வாய்க்காலைப் போல், ஓட்டம் நின்று குட்டையாகிறது. குட்டையில்தான் கிருமி குடியேறும்.

இரண்டாம் காவல் ஐஜிஏ. ரத்தத்தில் ஐஜிஏ இருந்தால் போதாது; குழாய்ச் சுவர்ச் செல் அதைத் தன் ஏற்பி ஒன்றால் பிடித்து உட்புறம் கடத்திவிட வேண்டும். நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் சிறு குழாய்களின் செல்கள் உருமாறி அந்த ஏற்பியை இழக்கின்றன. ரத்த அறிக்கையில் 310 என்று நிறைந்திருக்கும். குழாயின் உள்ளே வறண்டிருக்கும். ரத்தச் சோதனையை மட்டும் பார்த்து எதிர்ப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மூன்றாவது, காற்றறைகளில் ரோந்து போகும் மேக்ரோஃபேஜ். இதன் வேலை இரண்டு: கிருமியை விழுங்குவது, வேலை முடிந்து செத்த நியூட்ரோபில்களை அப்புறப்படுத்துவது. புகையில் வளர்ந்த மேக்ரோஃபேஜ் வயிறு நிறையக் கரியோடு இருக்கும். மூச்சடைப்பு நோயாளிகளின் மேக்ரோஃபேஜ்கள் ஹீமோஃபிலஸையும் நிமோகாக்கஸையும் விழுங்குவதில் பின்தங்குகின்றன. விழுங்கும் திறன் குறைந்தாலும் கூக்குரல் குறைவதில்லை. இன்டர்லூகின்-8, டிஎன்எஃப், லூக்கோட்ரையீன் பி4 ஆகிய அழைப்பு வேதிப்பொருள்கள் வழியாக நியூட்ரோபில்களை அழைத்துக்கொண்டே இருக்கின்றன. டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் விடும் இன்டர்லூகின்-17 அந்த அழைப்பை இன்னும் உரக்கச் செய்கிறது.

நியூட்ரோபில்கள் வருகின்றன, லட்சக்கணக்கில். கோழையின் பச்சை நிறமே இவற்றின் நிறம்தான். இவற்றுள் இருக்கும் மயலோபெராக்சிடேஸ் என்ற நொதி பச்சை. கோழை எவ்வளவு பச்சையோ அவ்வளவு நியூட்ரோபில் என்று கொள்ளலாம். இவை கிருமியைக் கொல்லக் கொண்டுவரும் முக்கிய ஆயுதம் எலாஸ்டேஸ் என்னும் நொதி. அதைக் கட்டுக்குள் வைக்க ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் இருக்கிறது. ஆனால் கூட்டம் அளவு மீறும்போது கட்டு அறுந்து, எலாஸ்டேஸ் கோழையில் தன்னிச்சையாக நிற்கிறது.

அப்போது அது என்ன செய்கிறது என்பதுதான் இந்த நோயின் மையம். கிருமியின்மேல் "இதை விழுங்கு" என்று அடையாளம் ஒட்டும் ஐஜிஜியை வெட்டுகிறது. அதே அடையாளத்தை இடும் காம்ப்ளிமென்ட் புரதத்தை வெட்டுகிறது. நியூட்ரோபில்லின் மேல் அதைப் படிக்கும் ஏற்பியையும் வெட்டுகிறது. ஆக, கிருமி பக்கத்திலேயே இருந்தும் நியூட்ரோபில்லுக்கு அது தெரிவதில்லை. இதற்கு மேல் எலாஸ்டேஸ் நுண்மயிர்களின் துடிப்பைக் குறைக்கிறது, சளிச் சுரப்பியைத் தூண்டுகிறது, சுவர்ச் செல்களை இன்டர்லூகின்-8 சுரக்க வைக்கிறது. அந்த இன்டர்லூகின் இன்னும் நியூட்ரோபில்லை அழைக்கிறது. 1986இல் பிரிட்டன் மருத்துவர் பீட்டர் கோல் விவரித்த நச்சுச் சுழல் இதுதான்: தொற்று, அழற்சி, சுவர்ச் சிதைவு, கோழைத் தேக்கம், மறுபடியும் தொற்று.

செத்த நியூட்ரோபில்களை அள்ள மேக்ரோஃபேஜுக்குத் திராணி இல்லை. அவை அங்கேயே வெடித்து உள்ளிருக்கும் டிஎன்ஏவையும் நொதியையும் கொட்டுகின்றன. உயிரோடு இருப்பவையும் கிருமியைப் பிடிக்க டிஎன்ஏ வலையை வீசுகின்றன. கோழை பசைபோல் ஆவது இதனால்தான். டிஎன்ஏவை அறுக்கும் டோர்னேஸ் ஆல்ஃபா மருந்து சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபு நோயில் பலன் தருகிறது. அதை நம்பி இவரைப் போன்றவர்களுக்கும் கொடுக்கத் தோன்றும். கொடுக்கக்கூடாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அல்லாத குழாய் விரிவு நோயில் 1998இல் வெளியான சோதனையில் அது நோய் கிளம்புவதை அதிகமாக்கியது, நுரையீரல் திறனைக் குறைத்தது.

கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. வகையிடப்படாத ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயென்சா ஐஜிஏ1ஐ வெட்டும் நொதி வைத்திருக்கிறது. அதன் வெளிச்சவ்வுப் புரதத்துக்கு உடல் எதிர்ப்பொருள் செய்தாலும் அது அந்த ஒரு திரிபுக்கு மட்டுமே. அடுத்த திரிபு வரும்போது உடல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், புதுத் திரிபு வந்துசேர்ந்த வேளைகளில் நோய் கிளம்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. "போன மாசந்தானே வந்தது, மறுபடி எப்படி?" என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. மேலும் அது தன் மேற்பரப்பில் பாஸ்ஃபோரில்கோலினைப் பூசிக்கொண்டு, குழாய்ச் செல்லில் உள்ள ஓர் ஏற்பியில் ஒட்டுகிறது. புகை அந்த ஏற்பியைப் பெருக்குகிறது. சூடோமோனாஸ் இன்னொரு வழி: தங்கிவிட்டபின் வாலை உதிர்த்துவிடுகிறது, அதனால் வாலை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்5 காவலுக்குத் தப்புகிறது. ஆல்ஜினேட் என்னும் வழவழப்பான உறையை நெய்து அதற்குள் ஒடுங்குகிறது. தட்டில் தெரிந்த அந்த வழவழப்பு, கிருமி நேற்று வந்ததல்ல, நெடுநாள் குடியிருப்பு என்று சொன்னது.

சர்க்கரை இதற்கு எண்ணெய் வார்க்கிறது. ரத்தச் சர்க்கரை ஏறும்போது குழாயின் உள் திரவத்திலும் குளுக்கோஸ் கசிகிறது, கிருமிக்குத் தீனி. நியூட்ரோபில் நகர்வதும் ஆக்சிஜன் வெடிப்பால் கொல்வதும் மந்தமாகின்றன.

மகளிடம் சொல்ல வேண்டியது இதுதான்: அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி இல்லாமல் இல்லை. எதிர்ப்பு இருக்கிறது, தவறான இடத்தில், கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் "எதிர்ப்பு சக்தி ஏற்றும்" டானிக்கோ பொடியோ வேலை செய்யாது. கோழையை வெளியேற்றுவதும் கிருமிச் சுமையைக் குறைப்பதுமே வழி.

முந்தைய வைத்தியம் ஏன் தோற்றது

3 நாள் அசித்ரோமைசின் சூடோமோனாஸைக் கொல்லாது. ஒவ்வொரு முறையும் அடங்கக்கூடிய கிருமிகளைத் துடைத்து, அடங்காததற்கு இடம் விட்டது. இருமல் மருந்து அதைவிடக் கேடு: நுண்மயிர் போன பிறகு இவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வடிகால் இருமல். அதை அடக்கினால் குட்டை நிரம்பும்.

ஸ்டீராய்டு விஷயத்தில் நிதானம் வேண்டும். மூச்சடைப்பு நோய் கிளம்பும்போது பிரெட்னிசோலோன் 40 மி.கி. 5 நாள் என்பது நிலைபெற்ற முறை. 14 நாள் கொடுப்பதற்குச் சளைத்ததல்ல என்று 2013இல் நிறுவப்பட்டது. ஆனால் ஸ்டீராய்டு அடக்குவது பெரும்பாலும் ஒவ்வாமையில் கூடும் வெள்ளணுவான ஈயோசினோபில்லின் அழற்சியை. நியூட்ரோபில்லை அது அடக்குவதில்லை, சாவைத் தள்ளிப்போடுகிறது. இவருடைய ஈயோசினோபில் 95. தொற்றுக் காய்ச்சலிலும் ஸ்டீராய்டு உட்கொண்ட பின்பும் அந்த எண் தானாகவே இறங்கும் என்பதால், உடல் நன்றாக இருந்தபோது எடுத்த பழைய அறிக்கையும் தேடப்பட்டது: 120. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு பலன் தரும் வாய்ப்பு 300க்கு மேல்தான் தெளிவாக இருக்கிறது. 100க்குக் கீழே கொடுக்காமல் இருப்பதே நல்லது. ஃப்ளூடிகசோன் குழாயின் கிருமிக்கொல்லிப் புரதமான கத்தெலிசிடினைக் குறைக்கிறது, நிமோனியா ஆபத்தைக் கூட்டுகிறது. நம் பக்கத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: குடற்புழுவும் ஃபைலேரியாவும் ஈயோசினோபில்லை ஏற்றிக் காட்டும். 400 என்று வந்ததும் இன்ஹேலர் ஸ்டீராய்டு எழுதுமுன் மலச் சோதனை ஒன்று செய்துவிட வேண்டும்.

இன்ஹேலர் கேப்சூல்களை அவர் அடுப்படி அலமாரியில், அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஆவியில் கேப்சூல் நமத்து, பொடி கட்டியாகி, பாதி உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

வைத்தியமும் போக்கும்

ஆக்சிஜன் 28 சதவீத வென்ச்சுரி முகமூடியில், இலக்கு 88 முதல் 92 வரை. கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு 98, 99 என்று ஏற்றுவது உதவி அல்ல. சால்புட்டமால் 2.5 மி.கி., இப்ராட்ரோபியம் 0.5 மி.கி. நெபுலைசரில் 6 மணிக்கொருமுறை. சர்க்கரைக்கு இன்சுலின். ஸ்டீராய்டு கொடுக்கவில்லை, ஆறு மணிக்கொருமுறை மூச்சைப் பார்த்து, மோசமானால் தொடங்குவது என்று வைத்திருந்ததில் தேவைப்படவில்லை.

முதல் இரண்டு நாள் செஃப்ட்ரியாக்சோன் 2 கிராமும் அசித்ரோமைசினும் ஓடின. இது பிழை. கிராம் சாயத்தில் குச்சிகள் அன்றே தெரிந்தன. குழாய் விரிவு, அடிக்கடி ஆன்டிபயாடிக், தங்கியிருக்கும் கோழை எல்லாம் சூடோமோனாஸையே சுட்டின. செஃப்ட்ரியாக்சோன் அதைத் தொடாது. மூன்றாம் நாள் காய்ச்சல் 102ஆக நின்றபோதுதான் பைப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம், 6 மணிக்கொருமுறை என மாற்றப்பட்டது. மொத்தம் 14 நாள். சாதாரண மூச்சடைப்பு நோய்க்கு 5 நாள் போதும். விரிந்த குழாயில் சூடோமோனாஸ் இருந்தால் அது போதாது. லேசான நிலையில் சிப்ரோஃப்ளாக்சசின் 750 மி.கி. இருவேளை மாத்திரையாகவே கொடுக்கலாம். காசநோய் ஐயம் தீராதவரிடம் இந்த வகை மருந்தைத் தொடக்கூடாது, காசநோயை அரைகுறையாக அடக்கி மறைத்துவிடும்.

மருந்துக்கு இணையாக நடந்தது கோழை வடிப்பு. காலை வெறும் வயிற்றிலும், மாலை சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும். முதலில் சால்புட்டமால், 15 நிமிடம் கழித்து 3 சதவீத உப்பு நீர் 5 மி.லி. நெபுலைசரில். பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலது கீழ் மடல் வடியும்; நிமிர்ந்து உட்கார்ந்தால் மேல் மடல். தலையைத் தாழ்த்தும் பழைய முறை வேண்டாம், வயிற்று அமிலம் மேலேறும். அந்த நிலையில் ஐந்தாறு சாதாரண மூச்சு. மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு, ஒவ்வொன்றையும் 3 விநாடி பிடித்து. பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் "ஹா" என்று ஒன்றிரண்டு முறை. மறுபடியும் சாதாரண மூச்சு. 15 முதல் 20 நிமிடம். "அம்மா, தொண்டையைச் செருமாதீங்க, வயித்துலேருந்து ஊதுங்க" என்பதைத்தான் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டைச் செருமல் கோழையை மேலே கொண்டுவராது.

கோழை அளவு முதல் நாள் 80 மி.லி.; நான்காம் நாள் 115. வீட்டார் பயந்துபோனார்கள். ஆனால் அது தேங்கியது வெளியேறும் அளவு. காய்ச்சலும் சிஆர்பியும் இறங்கிக்கொண்டிருக்கும்போது கோழை கூடுவது நல்ல அறிகுறி. ஏழாம் நாள் 50, பதினான்காம் நாள் 20, நிறம் வெளிர் மஞ்சள். சிஆர்பி 96லிருந்து 38, பிறகு 10. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 93.

வீடு திரும்பிய பிறகு

சூடோமோனாஸ் முதன்முதலாகப் பிடிபட்டதால் ஒழிக்கும் முயற்சியாகக் கோலிஸ்டின் 10 லட்சம் யூனிட், இருவேளை நெபுலைசரில், 3 மாதம். வழவழப்பு வகை என்பதால் முழுதாக ஒழியும் என்ற நம்பிக்கை குறைவு என்பதை முன்பே சொல்லியாயிற்று. கோலிஸ்டின் பொடியைக் கரைத்ததும் உடனே பயன்படுத்த வேண்டும். காலையிலேயே இருவேளைக்கும் கரைத்து வைத்தால் மருந்து உருமாறி நுரையீரலுக்கு நஞ்சாகலாம். முதல் வேளை மருத்துவமனையிலேயே, முன்னும் பின்னும் ஊதல் சோதனையோடு. சிலருக்கு மார்பு இறுகும். இவருக்கு லேசாக இறுகியது; முன்கூட்டியே சால்புட்டமால் உள்ளிழுத்த பிறகு சரியானது.

இன்ஹேலர் ஸ்டீராய்டை நிறுத்தி மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெரால், கிளைகோபைரோனியம் கலவைக்கு மாற்றம். நீண்ட நாள் அசித்ரோமைசின் 500 மி.கி., திங்கள், புதன், வெள்ளி. முன்பு தோற்ற மருந்து இப்போது எதற்கு என்று கேட்கலாம். இங்கே அது கிருமியைக் கொல்லக் கொடுப்பதில்லை. நியூட்ரோபில் அழற்சியைத் தணிக்கவும், சூடோமோனாஸ்கள் தங்களுக்குள் பேசிக் கூட்டு சேர்வதைக் குலைக்கவும். ஆண்டுக்கு மூன்று முறையோ அதற்குமேலோ விழுபவர்களுக்கே இது. தொடங்குமுன் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா இல்லை என்று திரவ வளர்ப்பில் 42 நாள் பார்த்தாக வேண்டும். அது இருக்கும்போது அசித்ரோமைசினை மட்டும் கொடுத்தால் அந்தக் கிருமி அதற்கு அடங்காததாகிவிடும். ஈசிஜியில் க்யூடி இடைவெளி (நீண்டால் இதயத் துடிப்பு தடுமாறலாம்), காது கேட்கும் திறன், கல்லீரல் சோதனையும் பார்க்க வேண்டும். வாந்திக்கு டாம்பெரிடோனோ ஆன்டான்செட்ரோனோ சேர்த்து எழுதும் பழக்கம் இங்கே ஆபத்து. அவையும் க்யூடியை நீட்டும்.

எலாஸ்டேஸையே குறிவைக்கும் மருந்தும் வந்துவிட்டது. எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோபில் முதிரும்போதே அந்த நொதிக்கு உயிரூட்டும் டிபிபி1 என்பதைத் தடுக்கும் பிரென்சோகாடிப், 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் குழாய் விரிவு நோய்க்கு ஒப்புதல் பெற்றது. மேலே சொன்ன சுழலின் அச்சாணியில் கைவைக்கும் முதல் மருந்து என்பதால் இதன்மேல் நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது. இவருடைய வைத்தியம் அது இல்லாமல்தான் நடந்தது.

தடுப்பூசி: ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி, ஐப்பசி மழைக்கு முன்பே. நிமோகாக்கஸுக்கு பிசிவி20 ஒரே ஊசி. இல்லாவிட்டால் பிசிவி13 அல்லது 15, ஓராண்டு கழித்து பிபிஎஸ்வி23. வரிசை முக்கியம்: பிபிஎஸ்வி23இல் வெறும் சர்க்கரை உறை மட்டுமே இருப்பதால் டி செல் உதவி கிடைக்காது, நினைவும் நிலைக்காது. புரதத்தோடு பிணைத்த பிசிவி முதலில் போனால்தான் நினைவுச் செல்கள் உருவாகும்.

அடுப்புதான் கடினம். வேலையை விடு என்று சொல்வது எளிது. சாப்பாடு அதிலிருந்து வருகிறது. ஒன்றாய் வேலை செய்யும் பெண்களோடு பேசி, எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பதை இளையவர் ஒருவர் ஏற்றார். இவர் மாவு பிசைவதும் பிழிவதும் எண்ணிக் கட்டுவதும். மாவு சலிக்கும்போது மட்டும் முகக்கவசம். சின்ன ஆர்டர்கள் கேஸ் அடுப்புக்கு மாறின, பெரிய விசேஷத்துக்கு இன்னும் விறகுதான். அந்த அடுப்பு கொட்டகைக்கு உள்ளேயிருந்து பின்கட்டு வெளிக்கு நகர்ந்தது.

அடுத்த 12 மாதத்தில் இரண்டு முறை விழுந்தார். ஒன்று வைகாசியில், ஹீமோஃபிலஸ். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 14 நாள் மாத்திரையிலேயே தீர்ந்தது. இன்னொன்று பங்குனியில் ஜலதோஷத்தைத் தொடர்ந்து. கோழை நிறம் மாறவில்லை, ஆன்டிபயாடிக் இல்லாமலேயே கடந்தது. ஆறாம் மாதக் கோழையில் சூடோமோனாஸ் இல்லை. ஒன்பதாம் மாதத்தில் திரும்பி வந்தது, காய்ச்சல் இல்லாமல், குறைந்த எண்ணிக்கையில். ஒழிக்கும் முயற்சியை மறுபடி தொடங்காமல் கோலிஸ்டினை நீண்ட நாள் மருந்தாகத் தொடர முடிவானது. எடை 41லிருந்து 45 கிலோ, ஹெச்பிஏ1சி 7.2, முதல் விநாடி வெளிமூச்சு 46லிருந்து 49 சதவீதம்.

இப்போது அவர் பையில் எப்போதும் இரண்டு பொருள் இருக்கின்றன: மூடி இறுகிய ஒரு கோழைக் குப்பி, ஓர் அட்டை. அட்டையில் எழுதியிருப்பது: மூச்சு முட்டல் கூடுதல், கோழை அளவு கூடுதல், கோழை பச்சையாதல், இந்த மூன்றில் பச்சையாதலும் மற்ற இரண்டில் ஒன்றும் சேர்ந்து இரண்டு நாள் நீடித்தால், மாத்திரை எதுவும் போடுமுன் குப்பியில் பிடித்து, காலை முதல் பஸ்ஸில் நேரே ஆய்வகத்துக்கு.